ஜவ்வரிசி ஆலைக் கழிவு நீரிலிருந்து எரிவாயு

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மரவள்ளி பயிரிடும் விவசாயிகளுக்கு அருகிலுள்ள ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளே சந்தையாகும். ஆனால் ஆலைக் கழிவு நீர் சுத்தம் செய்யப்படாமல் ஓடையில் கலந்து கிணற்றுக்கு ஊறி வந்தால், கிழங்கு விற்ற இலாபம் நிலைக்காது. இதே நீரைக் காற்றுப் புகாத கலத்தில் செரிக்க வைத்தால் கேடு குறைவதுடன், ஆலைக்கு எரிபொருளும் கிடைக்கும்.

கழிவு நீரின் தன்மை

கிழங்கை அரைத்து, மாவைப் படிய வைத்து எடுத்தபின் மிஞ்சும் நீரில் மாவுச்சத்தும் சர்க்கரையும் தங்கிவிடுகின்றன. இந்நீர் தேங்கினால் விரைவில் புளித்து நாற்றமடிக்கும். ஓடையில் விட்டால் நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன்கள் மடியும். கிழங்கிலுள்ள லினமாரின் என்ற பொருள் அரைபடும்போது சிதைவதால் சயனைடு நஞ்சும் இதில் கலக்கிறது.

வாயு உண்டாகும் விதம்

கலத்தில் ஒரு வகை நுண்ணுயிரிகள் மாவுச்சத்தை அமிலங்களாக மாற்றுகின்றன. மற்றொரு வகை அந்த அமிலங்களிலிருந்து மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றது. முதல் வகை வேகமாகப் பெருகும்; இரண்டாம் வகை மெதுவாகவே பெருகும். எனவே நீரை அளவுக்கு மீறி விட்டால் அமிலம் மிகுந்து வாயு நின்றுவிடும்.

வாயுவின் அளவு

அழுக்கின் அளவைக் காட்டும் இரசாயனப் பிராணவாயுத் தேவை லிட்டருக்கு 5 கிராம் உள்ள கழிவு நீர் தினம் 1 லட்சம் லிட்டர் வெளியேறுவதாகக் கொள்வோம். மொத்த அழுக்கு 500 கிலோ. இதில் 80 சதம் செரித்தால் 400 கிலோ. கிலோவுக்கு 0.35 கன மீட்டர் வீதம் 140 கன மீட்டர் மீத்தேன் கிடைக்கும். இதைக் கொண்டு எஞ்சினை இயக்கினால் சுமார் 400 யூனிட் மின்சாரம் பெறலாம்.

கவனிக்க வேண்டியவை

1. முதலில் சாணக் கரைசலை ஊற்றிக் கலத்தைத் தயார் செய்து, கழிவு நீரைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். பருவம் முடிந்து நின்ற ஆலையை மீண்டும் தொடங்கும்போதும் இவ்வாறே செய்தல் நலம்.

2. கலத்தின் கார அமில நிலை 6.8 முதல் 7.2 வரை இருக்க வேண்டும். குறைந்தால் நீர் விடுவதைக் குறைத்து, சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

3. மண், தோல், நார் ஆகியவற்றை வடிகட்டியபின்பே நீரைக் கலத்தில் விட வேண்டும்.

4. வாயுவிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு எஞ்சினை அரிக்கும். அதை நீக்கியபின்பே பயன்படுத்த வேண்டும்.

பாசனத்திற்கு உகந்ததா?

கலத்திலிருந்து வெளிவரும் நீர் தெளிவாகத் தோன்றினாலும் சுத்த நீர் அன்று. அதைக் காற்றூட்டும் தொட்டியில் மேலும் சுத்தம் செய்ய வேண்டும். பாசன நிலத்தில் விடும் கழிவு நீருக்கான பொதுத் தர அளவுப்படி, லிட்டருக்கு உயிரியல் பிராணவாயுத் தேவை 100 மில்லி கிராமுக்கும், சயனைடு 0.2 மில்லி கிராமுக்கும் மேற்படக் கூடாது. ஆலை நீரை வயலுக்குப் பாய்ச்ச விரும்பும் விவசாயிகள் முதலில் அதன் பரிசோதனை முடிவைக் கேட்டுப் பெற வேண்டும். உப்பின் அளவையும் பார்த்தல் அவசியம். ஏனெனில் எரிவாயுக் கலம் உப்பை நீக்குவதில்லை.