வயற்புறத்துப் பறவைகளை எண்ணுதல்

காலபோக நெல் வயலில் நிற்கும் சனவரி மாதத்திலே, நம் நாட்டுக் குளங்களிலும் களப்புகளிலும் வாத்து, உள்ளான் முதலிய விருந்தாளிப் பறவைகள் நிறைந்திருப்பதைக் கமக்காரர் யாவரும் கண்டிருப்பர். வட ஆசியாவின் குளிருக்கு அஞ்சி, மத்திய ஆசியப் பறவை வழியாக இவை இங்கு வருகின்றன. அவ்வழியின் தென்கோடியில் இருப்பது இலங்கையாகும். ஆகஸ்ட் மாதந் தொடக்கம் வரத் தொடங்கும் இப்பறவைகளுட் பெரும்பாலானவை ஏப்பிரில் மாதமளவில் திரும்பிச் செல்கின்றன.

இப்பறவைகளை ஆண்டுதோறும் எண்ணி எழுதிவைப்போர் உளர். 1987 ஆம் ஆண்டில் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வோர் ஆண்டும் சனவரி மாதத்தில் பல நாடுகளில் நடைபெறுகின்றது. நம் நாட்டிலும் 1943 இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கைப் பறவைக் கழகத்தினரும், 1976 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து தோன்றிய வெளிக்களப் பறவையியற் குழுவினரும் பறவைகளைக் கவனித்துக் குறித்து வருகின்றனர். இவர்களுட் பலர் ஊதியம் பெறாத தொண்டர்கள். எண்ணுவோர் தொண்டர்; எண்ணிக்கையை ஆராய்ந்து பொருள் காண்போர் விஞ்ஞானிகள். இருவரில் ஒருவர் இல்லாவிடினும் இப்பணி நிறைவேறாது. விஞ்ஞானிகள் சிலரே, குளங்களும் வயல்களுமோ பல்லாயிரம்.

எண்ணுவதனால் பயன் யாது?

பிரித்தானியாவில் நிகழ்ந்த ஒன்று இதற்கு நல்ல சான்றாகும். பந்தயப் புறா வளர்ப்போர், பைரி என்னும் வல்லூறு மிகப் பெருகிவிட்டது எனவும், தம் புறாக்களைக் கொல்கின்றது எனவும் 1960 ஆம் ஆண்டளவில் அரசாங்கத்திடம் முறையிட்டனர். உண்மையை அறியும்பொருட்டு, 1961 ஆம் ஆண்டிலும் 1962 ஆம் ஆண்டிலும் அந்நாட்டுப் பறவைத் தொண்டர்கள் மலைப்பாறைகள் தோறும் சென்று கூடுகளை எண்ணினர். டெரெக் றட்கிளிவ் என்னும் விஞ்ஞானி அவ்வேலையை நடத்தினார். கிடைத்த முடிவு எவரும் எதிர்பாராதது. பைரி பெருகவில்லை, உலக யுத்தத்துக்கு முன் இருந்த தொகையில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது.

காரணம் வயலிலே இருந்தது. விதைத் தானியத்துக்குப் பூசப்பட்ட டீல்டிரின், அல்டிரின் ஆகிய நஞ்சுகள் தானியம் உண்ட புறாக்களின் உடலிற் சேர்ந்தன. அப்புறாக்களை உண்ட வல்லூறுகள் மடிந்தன. பழைய முட்டைகளையும் புதிய முட்டைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்த றட்கிளிவ், 1947 ஆம் ஆண்டளவிலிருந்து முட்டையோடு மெலிந்துவிட்டதை 1967 இல் வெளியிட்டார். டீ.டீ.ரீ. என்னும் மருந்தே ஓடு மெலிதற்குக் காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று. இந்நஞ்சுகளின் பாவனை படிப்படியாக நிறுத்தப்பட்டபின் பைரி மீண்டும் பெருகிற்று. எண்ணிப் பாராது முறைப்பாட்டை மட்டும் நம்பியிருந்தால், குற்றமற்ற பறவை தண்டிக்கப்பட்டிருக்கும். நஞ்சோ வயலில் தொடர்ந்திருக்கும்.

நிலங்களைக் காப்பதற்கும் எண்ணிக்கையே ஆதாரமாகின்றது. 20,000 நீர்ப்பறவைகளுக்கு வழக்கமாக இடந்தரும் ஈரநிலம், ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் உடையதாகக் கொள்ளப்படுகின்றது. மன்னார் மாவட்டத்து வங்காலை, 2008 இல் சரணாலயமாகவும் 2010 இல் ராம்சார் நிலமாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. பல ஆண்டுகளாக எழுதிவைத்த குறிப்புகள் இல்லையேல் ஒரு நிலத்தின் பெருமையை எவ்வாறு நிறுவுவது?

நண்பனா, பகைவனா?

கிளியும் நெற்குருவியும் கதிரை அழிப்பது உண்மையே, அதனை மறைப்பதற்கில்லை. ஆயின் உழவின் பின்னே நடக்கும் உண்ணிக்கொக்கும், கம்பத்தில் அமரும் இரட்டைவாற் குருவியும் பூச்சிகளை உண்கின்றன. கூகை இரவு முழுவதும் எலி பிடிக்கின்றது. சிங்களக் கமக்காரரிடையே, வயலில் ஒரு பகுதியைப் பறவைகளுக்கென விட்டுவிடும் ‘குருலு பாலுவ’ என்னும் பழைய வழக்கம் உண்டு. பறவைக்கும் பங்குண்டு என அம்முன்னோர் கருதினர். எப்பறவை எவ்வளவு அழிக்கின்றது, எவ்வளவு உதவுகின்றது என்பதை வருடம் முழுவதும் வயலில் நிற்கும் கமக்காரனைப்போல் அறியக்கூடியவர் வேறு யார்?

எண்ணும் முறை

1. ஒரு வயலையோ குளக்கரையையோ தெரிந்து, எப்பொழுதும் அதே இடத்தில் நின்று எண்ணுக.

2. காலையில் வெயில் ஏறுமுன், கால்மணி நேரம் மட்டும் எண்ணுக. நேரம் மாறினால் ஒப்பிட இயலாது.

3. பெருங்கூட்டமாயின், முதலிற் பத்துப் பறவைகளை எண்ணி அவை அடைக்கும் இடத்தைக் கண்ணால் அளந்துகொள்க. அத்தகைய இடங்கள் எத்தனை எனப் பார்த்துத் தொகையைக் கணிக்க.

4. ‘அநேகம்’ என எழுதற்க, எண்ணை எழுதுக. ஒன்றும் காணாவிடினும் ‘0’ எனக் குறிக்க. பறவை இல்லாமையும் ஒரு செய்தியே.

5. திகதி, பயிரின் பருவம், தெளித்த மருந்தின் பெயர் ஆகியவற்றையும் உடன் எழுதுக.

6. பெயர் தெரியாத பறவைக்குப் பெயரை ஊகித்து எழுதாது, நிறம், பருமன், அலகின் வடிவம் ஆகியவற்றைக் குறிக்க.

கவனிக்க வேண்டியவை

இறந்த பறவையின் காலில் வளையம் இருப்பின், அதிலுள்ள எழுத்தையும் எண்ணையும் பிழையின்றி எழுதி, கண்ட இடத்தையும் திகதியையும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அது எங்கிருந்து வந்தது என்பதை அச்சிறு வளையமே கூறும். உயிருள்ள பறவையின் வளையத்தைக் கழற்றலாகாது.

மருந்து தெளித்தபின் பறவைகள் பல ஒருங்கே இறந்து கிடக்குமாயின் அவற்றை வெறுங்கையால் தொடாதீர்கள், உண்ணவும் வேண்டாம். உடனே விவசாயப் போதனாசிரியருக்குத் தெரிவியுங்கள். பறவையைக் கொன்ற நஞ்சு உங்கள் கிணற்றையும் காய்கறியையும் அடையக்கூடும். நஞ்சூட்டிய தானியத்தை வயலில் இடுதல் கூடாது. ஆட்காட்டி வெறுந்தரையில் முட்டையிடுவதால், உழும்போது அதன் கூட்டைக் கண்டால் அவ்விடத்தைச் சிறிது விலக்கி உழுக.

ஒரு கொப்பியும் ஒரு பென்சிலுமே இதற்கு வேண்டிய மூலதனம். ஓராண்டுக் குறிப்பு ஓரளவே பயன்படும். பத்தாண்டுக் குறிப்போ ஊருக்கே உடைமையாகும். பாடசாலைப் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இன்று அவர்கள் எழுதும் எண், நாளை இவ்வயலுக்கு நேர்ந்தது யாது என வினவுவோர்க்கு விடையாக அமையும்.