பஞ்சத்துக்கு முன்பே வந்தவர்கள்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. வகுப்பில் தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பாடம் நடந்தபோது ஓங்கோல் பக்கம் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்ற கதை வந்ததாகவும், "கஞ்சிக்கு மாறினவங்க" என்று யாரோ சொல்ல மற்றவர்கள் சிரித்ததாகவும், உனக்குச் சிரிப்பும் வரவில்லை, பதிலும் வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். சிரிப்பு வராததில் எனக்குப் பெருமை. பதிலைப் பற்றிக் கவலைப்படாதே. அது ஆண்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால்தான் கிடைக்கும். இன்று அதைச் செய்வோம்.

நீ தினமும் ஏறும் பறக்கும் ரயிலிலிருந்தே தொடங்கலாம். மயிலாப்பூர், மந்தைவெளி நிலையங்களுக்குக் கீழே ஒரு கறுப்புத் தண்ணீர் ஓடுகிறதே, அது பக்கிங்காம் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்தத் துண்டை 1877-78இல் பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் வெட்டினார்கள். அதே பஞ்சத்தில், அதே கால்வாயை, ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வடக்கே ஓங்கோலுக்கு அருகிலும் வெட்டினார்கள். அப்போது ஓங்கோலும் நம் சென்னை மாகாணம்தான், நெல்லூர் ஜில்லா. அங்கே மண் சுமந்தவர்களில் பெரும்பாலோர் மாதிகர்கள். நம் கொங்குப் பக்கத்து அருந்ததியரோடு தொழிலாலும் மொழியாலும் நெருங்கியவர்கள். ஓங்கோல் பாப்டிஸ்ட் சபையின் கதை அவர்களுடைய கதை.

மாதிகர் குடியிருப்பு ஊருக்கு வெளியே இருக்கும். செத்த மாட்டை இழுத்துப் போவது, தோலைப் பதப்படுத்துவது, செருப்பு தைப்பது, கிணற்று இறைப்புக்குத் தோல் சால் செய்து கொடுப்பது, திருவிழாவில் பறையடிப்பது எல்லாம் அவர்கள் கடமை. கூலி என்று காசு கிடையாது. அறுப்புக் களத்தில் ஒரு பங்கு தானியம், செத்த மாட்டின் இறைச்சி. கர்ணம் கூப்பிட்டால் எந்த நேரமும் வெட்டி வேலைக்குப் போக வேண்டும். சால் இல்லாமல் தோட்டத்துக்குத் தண்ணீர் ஏறாது, ஆனால் சால் தைத்தவர் அந்தக் கிணற்றைத் தொடக் கூடாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படி.

அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி சாமுவேல் டே 1840இல் நெல்லூரில் வந்து தங்கினார். பல ஆண்டுகள் உழைத்தும் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே சேர்ந்தார்கள். 1853இல் அமெரிக்காவில் ஆல்பனி நகரில் கூடியவர்கள் இந்த மிஷனை மூடிவிடலாமா என்றே விவாதித்தார்கள். வரைபடத்தில் ஒற்றைப் புள்ளியாக நின்றதால் அதற்குத் 'தனி நட்சத்திரம்' என்று பெயர் வந்தது. 1854 ஜனவரி 1 அன்று ஓங்கோல் குன்றின் மேல் விடியுமுன் ஐந்து பேர் ஏறி ஜெபித்தார்கள்: மிஷனரி லைமன் ஜூவெட், அவர் மனைவி, கிறிஸ்டியன் நர்சு, ஜூலியா, ரூத். கடைசி மூவரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். அந்தக் குன்றை இன்றும் ஜெபக் குன்று என்றுதான் அழைக்கிறார்கள்.

ஆனால் கதை குன்றில் தொடங்கியது என்று நான் சொல்ல மாட்டேன். ஓங்கோலுக்கு மேற்கே உள்ள தல்லகொண்டபாடு என்ற ஊரில், ஒரு மாதிகரின் மனத்தில் தொடங்கியது. அவர் எர்ரகுண்ட்ல பேரய்யா. தோல் வியாபாரத்துக்காக ஊர் ஊராகப் போனவர். கடவுளைத் தேடுவதில் ஓயாதவர்; மிஷனரி எவரையும் காண்பதற்கு முன்பே ஒரு பெண் குருவிடம் ராஜயோகம் பயின்று, தானும் சீடர்களை வைத்திருந்தவர். மாதிகருக்கு யோகம் எதற்கு என்று கேட்ட காலம் அது. தோல் வாங்க வடக்கே போன இடத்தில் கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்பட்டார். அதை ஊருக்குக் கொண்டுவந்து, தானே யோசித்து, தன் சனங்களிடம் பேசத் தொடங்கினார். 1866இல் அவரும் மனைவி நாகம்மாவும் ஜூவெட்டிடம் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில். வெள்ளைக்காரர் வந்தார், ஏழைகள் மாறினார்கள் என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். இங்கே நடந்தது வேறு. தேடிக்கொண்டிருந்த ஒருவர் தனக்கு வேண்டியதைக் கண்டு, கற்றுக்கொடுக்க ஓர் ஆளை அழைத்தார். அழைப்புக்குப் போனவர் ஜான் கிளவ். மின்னசோட்டாவில் நில அளவை வேலை பார்த்தவர், 1866இல்தான் ஓங்கோலில் குடியேறினார். 1867 ஜனவரி 1 அன்று ஓங்கோல் சபை அமைந்தபோது உறுப்பினர்கள் எட்டே பேர். அதே மாதம் கிளவ் தல்லகொண்டபாட்டுக்குப் போய்ப் புளியந்தோப்பில் தங்கினார். சுற்றுப்பக்க ஊர்களிலிருந்து ஆண்களும் பெண்களும் கூட்டமாக வந்தார்கள். கையில் மாற்றுத் துணியும் கட்டுச்சோறும் இருந்தன. கேட்க வேண்டியதைச் சில நாள் தங்கிக் கேட்டு, 28 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

கண்ணம்மா, அந்தக் கட்டுச்சோற்றை மறந்துவிடாதே. பஞ்சத்துக்குப் பத்து ஆண்டு முன்பு, தங்கள் சோற்றைத் தாங்களே கட்டிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள்.

பாப்டிஸ்ட் சபை எப்படி இயங்கும் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வருவது புரியாது. அங்கே குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. விவரம் தெரிந்த ஒருவர் தன் வாயால் விசுவாசத்தைச் சொல்ல வேண்டும். சபை கேள்வி கேட்டுத் திருப்தியானால் தண்ணீரில் முழுக முழுக்கி எடுப்பார்கள். மேலே பிஷப் கிடையாது. சேர்ப்பதும் நீக்குவதும் சபையாரின் முடிவு. ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவர், கூட்டத்தில் எழுந்து நின்று தன் காரணத்தைத் தானே சொல்கிறார். கேட்பவர்கள் அதை எடைபோட்டு ஏற்கிறார்கள். அந்த மனிதரின் பேச்சை அதற்கு முன் எந்தச் சபையும் எடைபோட்டதில்லை.

சேர்ந்தவர்கள் மூன்று காரியங்களுக்கு உடன்பட்டார்கள்: ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வதில்லை, செத்த மாட்டிறைச்சி தின்பதில்லை, விக்கிரகங்களை வணங்குவதில்லை. நம் காதுக்கு இவை வெறும் மத விதிகள். கிராமத்துக் கணக்கில் போட்டுப் பார். ஞாயிறு வேலைக்கு வர மாட்டேன் என்றால், ஏழில் ஒரு நாள் கர்ணத்தின் அழைப்புக்கு மறுப்பு. செத்த மாட்டைத் தின்ன மாட்டேன் என்றால், கூலியின் பெயரால் கொடுக்கப்பட்ட அவமானத்துக்கு மறுப்பு. மூன்றாவதோடு திருவிழாப் பறையும் நின்றது. ஊர் சும்மா இருக்குமா? அடி விழுந்தது, களத்துப் பங்கு மறுக்கப்பட்டது. பசி தீர மாறினார்கள் என்கிறவர்கள் இந்த ஆண்டுகளைப் பார்ப்பதே இல்லை. மாறியதால் பசித்தவர்கள் இவர்கள்.

சபைக்குள்ளும் சோதனை வந்தது. ஓங்கோலில் கிளவ் நடத்திய பள்ளிக்கு மேல்சாதிப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். மாதிகர்களைச் சேர்த்தால் விலகிவிடுவோம் என்றார்கள். மேல்சாதியார் முதலில் வந்தால் மற்றவர்கள் பின்தொடர்வார்கள் என்று எண்ணி உழைத்தவருக்கு அது பெரிய இடி. அவரும் அவர் மனைவியும் தனித்தனி அறையில் வேதாகமத்தைத் திறந்தபோது இருவருக்கும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் அதே பகுதி கண்ணில் பட்டதாக எழுதிவைத்திருக்கிறார்கள்: உலகம் அற்பமாக எண்ணியவர்களைக் கடவுள் தெரிந்துகொண்டார் என்னும் பகுதி. கிளவ் மாதிகர் பக்கம் நின்றார். மேல்சாதிப் பிள்ளைகள் போய்விட்டார்கள். பள்ளியை இழந்தாலும் சனங்களை இழக்காத அந்த முடிவைத்தான் அவர் வாழ்வின் நல்ல முடிவு என்று நான் மதிக்கிறேன்.

1876 வந்தது, மழை வரவில்லை. ஓங்கோல் சபையில் அப்போதே மூவாயிரம் பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். பஞ்சத்தைப் பற்றி நீ படித்திருப்பாய், சுருக்கமாகச் சொல்கிறேன். நிவாரண வேலைக்குக் கூலியைக் குறைக்க வந்த ரிச்சர்டு டெம்பிள் ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. அதைத் தின்றுவிட்டு நாள் முழுவதும் மண் வெட்ட வேண்டும். இது கொல்லும் கூலி என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். நாடு முழுவதும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

கிளவ் என்ன செய்தார் தெரியுமா? கஞ்சித்தொட்டி வைப்பதோடு நிற்கவில்லை. பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் வெட்டும் ஒப்பந்தத்தை அரசாங்கத்திடம் தானே எடுத்தார். பழைய நில அளவைப் படிப்பு கைகொடுத்தது. தன் உபதேசியார்களையே மேஸ்திரிகளாக வைத்தார். மாதிகர்களை மிரட்டிக் கூலியில் கைவைக்க நடுவில் ஆள் இல்லை. இளைப்பாறும் நேரத்தில் உபதேசியார்கள் வேலையாட்களோடு உட்கார்ந்து பேசினார்கள்; கேள்விகள் வந்தன, பாட்டுகள் வந்தன. சேர வேண்டும் என்று கேட்டவர்கள் பெருகினார்கள்.

உன் வகுப்புக்கான பதில் இப்போது வருகிறது. ஏறக்குறைய 15 மாதம் கிளவ் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. உதவி கையில் இருக்கும் வரை கேட்பவரின் மனத்தை அறிய முடியாது என்று நிறுத்திவைத்தார். வேலையும் உதவிப் பணமும் முடிந்த பிறகு, 1878இல், ஓங்கோலுக்கு வடக்கே குண்டலகம்மா ஆற்றங்கரையில் வெல்லம்பள்ளியில் உபதேசியார்களைக் கூட்டினார். ஞானஸ்நானம் கேட்பவர்களை அழைத்து வர வேண்டாம் என்றுதான் சொல்லியனுப்பினார். அவர்கள் வந்துவிட்டார்கள். கொடுக்க இனி ஒன்றும் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். நாங்கள் உதவிக்கு வரவில்லை, உழைத்துப் பிழைப்போம், எங்களைச் சேர்த்துக்கொள்ளும் என்றார்கள்.

ஜூலை 2ஆம் தேதி 614 பேர், 3ஆம் தேதி 2,222 பேர், 4ஆம் தேதி 700 பேர். மூன்று நாளில் 3,536. ஜூலை 3 அன்று ஆற்றில் நின்று முழுக்கியவர்கள் ஆறு இந்தியப் போதகர்கள். இரண்டிரண்டு பேராக முறை வைத்து, இருவர் களைத்தால் இருவர் இறங்கி, உச்சி வெயிலில் சற்று ஓய்ந்து, பொழுது சாயும் வரை. அந்த ஆண்டு முடிவதற்குள் 9,606 பேர் சேர்ந்தார்கள். அப்போது உலகிலேயே பெரிய பாப்டிஸ்ட் சபை என்று ஓங்கோல் சபையைச் சொன்னார்கள். பட்டணத்துச் சபை என்று நினைத்துவிடாதே. உறுப்பினர்கள் நூற்றுக்கணக்கான கிராமத்துக் குடியிருப்புகளில் சிதறிக் கிடந்தார்கள். அவர்களைக் கட்டிக்காத்தவர்கள் பழைய மாதிகப் பஞ்சாயத்துப் பெரியவர்களும், நடந்தே ஊர் சுற்றிய உபதேசியார்களும். பின்னர் அந்தச் சபை கம்பம், வினுகொண்டா, நரசராவ்பேட்டை, பாபட்லா என்று தனித்தனிக் களங்களாகப் பிரிந்தது.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கால்வாய்க் குழியில் தங்களை மனிதராக நடத்தியவர்களைக் கண்டுதான் பலர் மனம் திரும்பினார்கள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பசித்தவனுக்கும் புத்தி உண்டு. சாகும் நாளில் யார் பக்கத்தில் நின்றார்கள், யார் ஒரு பவுண்டுக் கணக்குப் பார்த்தார்கள் என்று அவனுக்குத் தெரியும். வயிறு நிறைந்தவன் யோசித்து எடுத்தால் அது கொள்கை, பசித்தவன் யோசித்து எடுத்தால் அது விலை என்று பேசுவது அநியாயம்.

சபையைக் குறையில்லாத இடமாகவும் எழுதிவிடாதே. மாதிகர் பெருவாரியாக வந்ததால், அவர்களைப் போலவே ஒதுக்கப்பட்ட இன்னொரு சாதியாரான மாலாக்கள் அங்கே வரத் தயங்கினார்கள். சாதி சபை வாசலில் செருப்போடு கழன்றுவிடவில்லை. அரசும் தன் பங்கைச் செய்தது. 1950 குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரை இன்றுவரை சேர்க்கவில்லை. செருப்பு தைத்த பாட்டனின் பேரன் சபைக்குப் போவதாலேயே தீண்டாமை அவனை விட்டுவிட்டது என்று சட்டம் கருதுகிறது.

படிக்க ஒரு புத்தகம் சொல்கிறேன். கிளவின் இரண்டாம் மனைவி எம்மா ரவுஷன்புஷ் 1899இல் வெளியிட்டது. செருப்பு தைத்துக்கொண்டே மாதிகர்கள் சொன்ன கதைகளைக் கொண்டது. பேரய்யாவின் யோக வாழ்க்கையும் அதில் உண்டு. மிஷன் குடும்பத்தில் ஒருவர் எழுதியது என்பதை நினைவில் வைத்தே படி. புகழ்ச்சி வரும் இடத்தில் வேகமாகப் போ. ஊர்ப்பெயர், தொழில், தோல் விலை, யார் யாரை அழைத்து வந்தார்கள் என்பது வரும் இடத்தில் நிறுத்திக் குறித்துக்கொள். ஞானஸ்நானப் பதிவேடு எங்காவது பார்க்கக் கிடைத்தால் மொத்தத்தைக் கூட்டாதே. ஒரே ஊரிலிருந்து எத்தனை வீடு, கணவனுக்கு முன் வந்த மனைவி யார், எந்த ஆண்டு என்று பார்.

அடுத்த வாரம் வகுப்பில் கட்டுரை வாசிக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். அதை 1878இல் தொடங்காதே. 1866இல் தொடங்கு. 2,222 என்ற எண்ணுக்கு முன்னால் பேரய்யா, நாகம்மா என்ற இரண்டு பெயர்களையும் எழுது.

அன்புடன்,
சித்தப்பா