பல்லுக்குள் தூங்கும் செல்கள்



சொத்தை ஆழமா போயிட்டா பல் டாக்டர் ரூட் கேனல் செய்வார். உள்ளே இருக்கிற பல்கூழை எடுத்துட்டு, அந்த இடத்தை அடைச்சிடுவார். வலி போயிடும். ஆனா அந்தப் பல்லுக்குள் இனி இரத்த ஓட்டம் இல்லை. சூடும் குளிர்ச்சியும் தெரியாது. அந்தக் கூழை மறுபடியும் வளர்க்க முடியுமா? இதுதான் இன்றைய பாடம்.

பல்லுக்கு வெளியே எனாமல், அதற்குள் டென்டின், நடுவில் பல்கூழ். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஞானப்பல்லின் கூழில் ஸ்டெம் செல்கள், அதாவது குருத்தணுக்கள், இருப்பதைக் கண்டறிந்தார்கள். 2003-இல் விழுந்த பால் பல்லிலும் அவை கிடைத்தன. நாம் தூக்கி எறியும் பல்லில்தான் இவ்வளவும்!

சரி, மின்சாரம் எங்கே வருது? ஒவ்வொரு செல்லின் சவ்வும் ஒரு குட்டி பேட்டரி மாதிரி. அதன் உள்ளுக்கும் வெளிக்கும் சில பத்து மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும். வெளியிலிருந்து மெல்லிய மின்புலம் கொடுத்தால், சவ்வில் உள்ள கால்சியம் வாசல்கள் திறக்கும். உள்ளே போகும் கால்சியம் சில மரபணுக்களை வேலை செய்ய வைக்கும். அதனால் குருத்தணு, கனிமம் படிய வைக்கும் செல்லாக மாறத் தொடங்கும். ஆறாத எலும்பு முறிவுகளுக்கு மின்தூண்டல் கருவிகளை மருத்துவர்கள் ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள்.

அப்படின்னா பல்லுக்கு ஒரு பேட்டரியை மாட்டிவிட்டால் போதுமா? போதாது. உடலில் உள்ள உப்பு நீரில் நேர் மின்னோட்டம் தொடர்ந்து பாய்ந்தால், மின்முனையைச் சுற்றி அமிலமும் காரமும் உண்டாகும். செல்கள் செத்துடும். அதனால்தான் மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாகக் கொடுக்கிறார்கள். பாலிபிரோல் போன்ற, மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கில் செல்களை வளர்த்தும் பார்க்கிறார்கள். ஆனா ஆய்வுக்கூடத் தட்டு வேறு, கிருமியும் எச்சிலும் நிறைந்த வாய் வேறு. மின்சாரம், வேதியியல், உயிரியல் மூன்றும் தெரிந்த பொறியாளர்களுக்கு இங்கே நிறைய வேலை காத்திருக்கு.

இன்னொன்றையும் மறக்காதீங்க. எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிஞ்சிடும். கூழிலாவது தூங்குகிற செல்கள் உண்டு. எனாமலில் எழுப்புவதற்கு ஆளே இல்லை.

உடம்பைக் கோயிலா நினைக்கணும்னு சமய வகுப்பில் படிச்சிருக்கோம். இராத்திரி தே தாரிக் குடிச்சிட்டு, பல் விளக்காமலே படுக்கிறவங்க கொஞ்சம் யோசிங்க!