விளம்பரம் முதலா, ஆள் முதலா?

போன எபிசோடின் கடைசியில் ஒரு தம்பி கேட்டவர்: "அண்ணா, நானும் ஃபிரெண்டும் ஒரு ஆப் செய்யிறம். கையில கொஞ்சக் காசு இருக்கு. விளம்பரத்துக்குப் போடுறதா, ஆள் எடுக்கிறதா?" நேரம் காணாமல் பாதியில் விட்டுட்டேன். இண்டைக்குக் கணக்கோட பார்ப்பம்.

ட்ரொப்பொக்ஸை எடுங்கோ. தொடக்கத்தில் கூகிளில் விளம்பரம் போட்டுப் பார்த்தவை. காசு கட்டுற ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 233 இலிருந்து 388 டொலர் வரைக்கும் போனது. அவை வித்த பொருளின் விலை 99 டொலர். விளம்பரம் மோசம் எண்டில்லை. இப்படி ஒரு சாமான் இருக்கெண்டே தெரியாத ஆள் அதை ஏன் கூகிளில் தேடப் போறார்? பிறகு வழியை மாத்தினவை: ஒரு ஃபிரெண்டைக் கூட்டிக்கொண்டு வந்தால் உங்களுக்கும் அவருக்கும் கூடுதல் இடம் இலவசம். 2008 செப்டெம்பரில் 1 இலட்சம் பேர் இருந்த இடத்தில், 2010 ஜனவரியில் 40 இலட்சம் பேர். எங்கட அம்மாமாருக்கு இது புதுசே இல்லை. நல்ல மீன் எந்தக் கடையில் எண்டு கலியாண வீட்டிலதானே தெரிய வரும்!

ஆனால் ஆக்கள் வந்து சேர்ந்த பிறகுதான் உண்மையான சோதனை. இதை நான் பட்டுத்தான் படிச்சேன். சில வருசத்துக்கு முதல் ஒரு சின்னக் கொம்பனியில் ஆறு மாதக் கொன்ராக்ட். சலூன்களுக்கு புக்கிங் மென்பொருள் விக்கிறவை, மொத்தம் ஆறு பேர். "விளம்பரத்தைக் கூட்டுவம்" எண்டு சொன்ன ஆக்களில் நானும் ஒருத்தன். கூட்டினம். ஆக்களும் வந்திச்சினம். வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல இருந்ததோ ஒரே ஒரு பிள்ளை. ஒரு ஈமெயிலுக்குப் பதில் போக மூண்டு நாள். சலூன்காரருக்கு மூண்டு நாள் எண்டால் ஒரு சனிக்கிழமை வியாபாரமே போச்சு.

உடனே நாலு பேரை ஒண்டா எடுத்தவை. நிலைமை இன்னும் மோசமாச்சு.

ஏன்? ஃபிரெட் புரூக்ஸ் ஐபிஎம்மில் பெரிய மென்பொருள் வேலையை நடத்தினவர். பிந்திப்போன மென்பொருள் வேலைக்கு ஆளைச் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் எண்டு 1975-லேயே எழுதிட்டார். ஆறு பேர் ஒருத்தரோட ஒருத்தர் கதைக்க 15 தொடர்பு. பத்துப் பேருக்கு 45. (ஆக்களின் எண்ணிக்கையை அதில் ஒண்டு குறைச்சதால் பெருக்கி, இரண்டால் பிரியுங்கோ.) புதுசா வந்தவைக்குச் சொல்லிக்குடுக்க வேண்டியதும் ஏற்கெனவே மூச்சு முட்டி நிண்ட அதே ஆக்கள்தான். எங்களில் கோட் முழுசாத் தெரிஞ்சது இரண்டே பேருக்கு. அவையள் அந்த மாதம் ஒரு பிழையைக்கூடத் திருத்தேல்லை. பதில் சொன்ன பிள்ளை வேலையை விட்டுட்டுப் போயிட்டா. அவவில ஒரு பிழையும் இல்லை.

இப்ப யோசிச்சால், முதல் எடுத்திருக்க வேண்டியது ஒரே ஒரு ஆள், அதுவும் விளம்பரத்துக்கு இரண்டு மாதம் முந்தி. அதைவிட, வந்த ஈமெயில்களில் பாதி ஒரே கேள்வி: பழைய வாடிக்கையாளர் பட்டியலை எப்படி ஏத்துறது? அந்தப் பக்கத்தை எழுதினது நான்தான். அதைத் திருத்த இரண்டு நாள் காணும். 2014-ல் ஃபேஸ்புக் வட்ஸ்அப்பை வாங்கேக்க, 45 கோடி பேருக்கு அங்க வேலை செய்தது 55 பேர். கேள்வியே வராத மாதிரிச் செய்தால் ஆள் குறைய எண்டதுக்கு வேற உதாரணம் தேடத் தேவையில்லை.

தம்பி, அடுத்த எபிசோடுக்கு முதல் இரண்டு இலக்கம் எடுத்துக்கொண்டு வாங்கோ. ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க எவ்வளவு போகுது? அந்த ஆள் வந்த முதல் கிழமையில் உங்கள் இரண்டு பேரின்ர எத்தினை மணித்தியாலத்தை எடுக்கிறார்? இரண்டாவதை எண்ணிப் பார்க்காமல் காட்டை வெளியில எடுக்க வேண்டாம்.