பேக் பட்டன் பயனருக்குச் சொந்தம்: புதிதாக வெப் எழுத வருபவர்களுக்கு

பிரவுசரின் பேக் அம்புக்குறியை நாம் எழுதவில்லை. ஆனால் அது சரியாக வேலை செய்யாவிட்டால் திட்டு விழுவது நம் அப்ளிகேஷனுக்குத்தான். வேலைக்குப் புதிதாக வரும் தம்பி, தங்கைகளுக்கு அதைப் பற்றிச் சொல்ல ஏழு விஷயங்கள் உண்டு.

1. பயனரின் கண்ணால் பாருங்கள். ஹிஸ்டரி அடுக்கில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. சற்றுமுன் பார்த்தது திரும்ப வேண்டும், அவ்வளவுதான். ஃபோனில் ஓர் ஆன்லைன் கடையின் புடவைப் படத்தைத் தொட்டதும் அது திரை முழுக்க விரிந்தால், அவரைப் பொறுத்தவரை அது புதுப் பக்கம். பேக் அழுத்தினால் படம்தான் மூடிக்கொள்ள வேண்டும். கடையை விட்டே வெளியே தள்ளக் கூடாது.

2. எதை ஹிஸ்டரியில் சேர்ப்பது என்று யோசித்து முடிவெடுங்கள். புதுப் பக்கம் போல் தெரிவதற்கு, ஹிஸ்டரியில் புதுப் பதிவு சேர்க்கும் புஷ்ஸ்டேட். சின்னத் திருத்தங்களுக்கு, இருக்கும் பதிவையே மாற்றும் ரீப்ளேஸ்ஸ்டேட். விலை ஸ்லைடரை 500-இலிருந்து 2000-க்கு இழுக்கும்போது ஒவ்வொரு அசைவுக்கும் புஷ்ஸ்டேட் போட்டால், வெளியே வர அவர் அத்தனை முறை பேக் அழுத்த வேண்டியிருக்கும்.

3. புஷ்ஸ்டேட் யூஆர்எல்லையும் ஹிஸ்டரியையும்தான் மாற்றும், திரையை மாற்றாது. பேக் அழுத்தும்போது வரும் பாப்ஸ்டேட் நிகழ்வை நீங்கள்தான் கவனிக்க வேண்டும். யூஆர்எல்லைப் படித்துத் திரையை வரையும் ஃபங்ஷன் ஒன்றே ஒன்று இருக்கட்டும். பேக், ரீஃப்ரெஷ், வாட்ஸ்அப்பில் வந்த லிங்க் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். அந்த யூஆர்எல்லை நேரடியாகக் கேட்டாலும் சர்வர் பதில் சொல்ல வேண்டும், 404 காட்டக் கூடாது.

4. ஆர்டரை வாங்கிய சர்வர் நன்றிப் பக்கத்தை அதே பதிலில் அனுப்பக் கூடாது. 303 கொடுத்து வேறு யூஆர்எல்லுக்குத் திருப்பிவிடுங்கள். பிறகு ரீஃப்ரெஷ் செய்தாலும் போஸ்ட் மறுபடி போகாது. ஆனால் ஒருவர் பேக் அழுத்தி ஃபார்முக்கே போய் மீண்டும் சப்மிட் செய்தால் 303 காப்பாற்றாது. ஃபார்ம் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுங்கள். அதே எண் இரண்டாம் முறை வந்தால் பழைய ஆர்டரையே காட்டுங்கள். ‘பேக் அழுத்தாதீர்கள்’ என்று சிவப்பு எழுத்தில் எச்சரிப்பது நம் வேலையைப் பயனர் தலையில் கட்டுவது.

5. பிஎஃப்கேஷை அறிந்துகொள்ளுங்கள். விட்டுப்போன பக்கத்தைப் பிரவுசர் அப்படியே நினைவகத்தில் உறையவைத்து, பேக் அழுத்தியதும் நொடியில் தரும். ஃபயர்ஃபாக்ஸ் 2005-லேயே இதைச் செய்தது; டெஸ்க்டாப் குரோமுக்கு 2021-ல்தான் வந்தது. அன்லோட் ஹேண்ட்லர் இதைக் கெடுக்கக்கூடும்; பேஜ்ஹைடைப் பயன்படுத்துங்கள். திரும்பி வந்த பக்கத்தில் கார்ட் எண்ணிக்கை பழையதாக இருக்கலாம். லாக்அவுட் செய்தவரின் விவரமும் தெரியலாம். பேஜ்ஷோவில் பெர்சிஸ்டெட் உண்மையா என்று பார்த்து, உண்மையென்றால் புதுப்பியுங்கள்.

6. விட்ட இடத்துக்கே கொண்டுபோங்கள். பட்டியலில் எழுபதாவது பொருளைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறவரை முதல் பொருளில் நிறுத்தினால், அவர் மறுபடி அத்தனையும் உருட்ட மாட்டார். கடையை மூடிவிட்டுப் போய்விடுவார். அதுவரை ஏற்றிய பட்டியலையும் ஸ்க்ரோல் நிலையையும் சேர்த்தே வைத்திருங்கள்.

7. யாரையும் சிறைவைக்காதீர்கள். பக்கம் திறந்ததும் தானாக வேறிடம் அனுப்பும் ஸ்கிரிப்ட், பேக் அழுத்தியவரை மீண்டும் அதே இடத்துக்குத் தள்ளக்கூடும். அங்கே லொகேஷன் ரீப்ளேஸ் போடுங்கள். ‘நிச்சயமாக வெளியேறவா?’ என்ற கேள்வியை, சேமிக்காத எழுத்து இருந்தால் மட்டும் கேளுங்கள்.

எந்த வசதியையும் முடித்துவிட்டதாகச் சொல்லுமுன், விலை குறைந்த ஆண்ட்ராய்டு ஃபோன் ஒன்றில் மூன்று பக்கம் உள்ளே போய், மூன்று முறை பேக் அழுத்திப் பாருங்கள். போன வழியே திரும்ப வரவில்லையென்றால் வேலை இன்னும் முடியவில்லை.