சிறு நாடும் பெருஞ்சந்தையும்

‘தனிமரம் தோப்பாகாது’ என்பது பழமொழி. மக்களுக்கு மட்டுமன்றி நாடுகளுக்கும் இது பொருந்தும். ஆயினும், தோப்பினுள் நிற்கும் மரமும் தன் வேரின் வலிமையாலேயே நிற்றல் வேண்டும். இவ்விரண்டு உண்மைகளையும் அயர்லாந்து நாட்டின் வரலாறு நன்கு விளக்கும்.

ஐரோப்பாவின் மேற்கெல்லையில், அட்லாண்டிக் கடலோரத்தில் உள்ள சிறு நாடு அயர்லாந்து. பசும்புல் செழித்த அந்நாட்டிற்கு மாடுகளும் வெண்ணெயும் நெடுங்காலம் பெருஞ்செல்வமாக விளங்கின. 1922 ஆம் ஆண்டில் அது பிரிட்டனிடமிருந்து தன்னாட்சி பெற்றது. எனினும், ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அதன் ஏற்றுமதியில் பாதிக்கு மேற்பட்டது பிரிட்டனுக்கே சென்றது. வாங்குவோன் ஒருவனே ஆயின், விலையை உறுதி செய்பவனும் அவனே அன்றோ? பிழைப்பு நாடி இளைஞர் பலர் கடல் கடந்து சென்றனர்.

இந்நிலையில், ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்வது பற்றி 1972 ஆம் ஆண்டில் மக்களின் கருத்துக் கேட்கப்பெற்றது. வாக்களித்தோரில் 100க்கு 83 பேர் இசைவு தந்தனர். 1973 ஜனவரி முதல் நாளில் அயர்லாந்து அதன் உறுப்பு நாடாயிற்று. இச்சமூகத்தைச் சேர்ந்த நாடுகள் தமக்குள் சுங்கவரி விதிப்பதில்லை. வெளியிலிருந்து வரும் பொருள்களுக்கு எல்லா நாடுகளும் ஒரே வரியை விதிக்கும்.

இதனால் உழவர் பயன் பெற்றனர். அவர்தம் பாலுக்கும் இறைச்சிக்கும் உயர்ந்த விலை கிடைத்தது. ஆனால், வரியென்னும் வேலிக்குள் வளர்ந்த காலணி, நெசவு முதலிய தொழில்கள் பிறநாட்டுப் போட்டிக்கு ஆற்றாது நலிந்தன. 1980களின் நடுவில் உழைக்கும் மக்களில் ஏறத்தாழ 100க்கு 17 பேர் வேலையற்றிருந்தனர்.

பின்னர் நிலை மாறியது. 1967 முதல் அளிக்கப்பெற்ற இலவச உயர்நிலைக் கல்வி பயன் தந்தது. கூட்டமைப்பின் நிதியுதவியால் சாலைகளும் தொழிற்பயிற்சியும் பெருகின. 1993 இல் ஐரோப்பா ஒரே சந்தை ஆகியது. அச்சந்தையை நாடிய அமெரிக்கத் தொழில் நிறுவனங்கள், குறைந்த வரியையும் கற்ற இளைஞரையும் கண்டு அயர்லாந்தில் ஆலைகள் அமைத்தன. 2000 ஆம் ஆண்டில் வேலையற்றோர் 100க்கு ஐவரினும் குறைந்தனர்.

எனினும், 1999 இல் யூரோ நாணயத்தை ஏற்றபின், வட்டி வீதத்தை வகுக்கும் உரிமை அயர்லாந்தின் கையில் இல்லை. வட்டி குறைவாயிருந்தமையால் கடன் பெருகியது. வங்கிகளை அரசும் உரியவாறு கண்காணிக்கவில்லை. 2008 இல் வங்கிகள் தள்ளாடின. தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்து மீளும் வழியும் அந்நாட்டிற்கு இல்லை. 2010 இல் பிறரிடம் பெருங்கடன் பெற்று, செலவைச் சுருக்கி, மக்கள் பெருந்துன்பம் உற்றனர்.

2020 இல் பிரிட்டன் கூட்டமைப்பை விட்டு விலகியது. அப்போது அயர்லாந்தின் சரக்கு ஏற்றுமதியில் பிரிட்டனின் பங்கு ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகச் சுருங்கியிருந்தது. ஒருவரையே நம்பிய நாடு பலரோடு வாணிகம் செய்யும் நாடாக உயர்ந்துவிட்டது.

கூட்டமைப்பு சந்தையின் கதவைத் திறந்துவிடும். அதனுள் விற்கத்தக்க பொருளை ஆக்கித் தருவன மக்களின் கல்வியும் உழைப்புமேயாகும். வரவு பெருகிய காலத்திலும் விழிப்போடிருத்தல் ஆள்வோர் கடமையாகும்.