இலவசமாக வந்த உலாவி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

கணிப்பொறியின் உறுப்புகள் அனைத்தையும் கட்டி ஆள்வது இயங்குதளம். இணையப் பக்கங்களைத் திறந்து காட்டுவது உலாவி. முன்னது வீடு என்றால் பின்னது தெருவாசல் எனலாம். இயங்குதளத்தை விற்கும் நிறுவனமே உலாவியையும் அதனோடு சேர்த்துத் தரலாமா? சிறு வினாவாகத் தோன்றும் இது, அமெரிக்க நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் வழக்காக நடந்தது. அவ்வழக்கின் வழியே இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழக்கின் வரலாறு

1994 டிசம்பரில் நெட்ஸ்கேப் என்னும் புதிய நிறுவனம் நேவிகேட்டர் என்ற உலாவியை வெளியிட்டது. விரைவிலேயே இணையத்தை நாடியவர்களில் பெரும்பாலோர் அதையே கையாண்டனர். 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95ஐ வெளியிட்ட மைக்ரோசாப்ட், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்ற தன் உலாவியையும் கொண்டுவந்தது. பின்னர் அதை விண்டோஸோடு சேர்த்தே தந்தது. தனி விலை ஏதும் கேட்கவில்லை.

அவ்வளவு பெரிய நிறுவனம் ஓர் உலாவிக்கு ஏன் அஞ்ச வேண்டும்? அக்காலத்தில் நிரல்களில் பெரும்பாலானவை விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டன. அதனால் மக்கள் விண்டோஸை வாங்கினர். மக்கள் வாங்கியதால் நிரல் எழுதுவோரும் அதற்கே எழுதினர். ஆனால், நிரல்கள் உலாவிக்குள்ளேயே இயங்கத் தொடங்கிவிட்டால், அடியில் எந்த இயங்குதளம் இருந்தால் என்ன? கோட்டை மதில் தானே சரிந்துவிடுமல்லவா? அச்சத்தின் வேர் இதுதான்.

1998 மே 18 அன்று அமெரிக்க அரசும் 20 மாநிலங்களும் வழக்குத் தொடர்ந்தன. உலாவி விண்டோஸின் பிரிக்க முடியாத பகுதி என்று நிறுவனம் வாதிட்டது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்டு ஃபெல்டனோ, உலாவியை நீக்குவதற்கென ஒரு நிரல் எழுதி, பிரிக்க முடியும் என்று அரசுத் தரப்பில் சாட்சியம் அளித்தார். 2000 ஜூனில் நீதிபதி ஜாக்சன் நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்க ஆணையிட்டார். 2001 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. எனினும் சட்டத்துக்குப் புறம்பான வழிகளில் நிறுவனம் தன் தனியாதிக்கத்தைக் காத்துக்கொண்டது என்ற முடிவை உறுதி செய்தது. அதற்குள் நெட்ஸ்கேப் 1999இலேயே வேறு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது.

இலவசத்தின் விலை

யூரியா கேட்டால் வேண்டாத நுண்ணூட்டப் பொட்டலத்தையும் வாங்கச் சொல்லும் உரக்கடைகளை உழவர் வீட்டுப் பிள்ளைகள் அறிவோம். அங்கே காசு போவது கண்ணுக்குத் தெரிகிறது. உலாவிக்கோ காசே இல்லை. பின் என்ன தீமை என்று கேட்கலாம்.

விலை பின்னால் வந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் ஆறாம் பதிப்பு 2001இல் வெளிவந்தது. அடுத்த பதிப்பு வந்தது 2006இல்தான்! இடைக்காலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அதையே பயன்படுத்திய நாட்களும் உண்டு. போட்டி இல்லாத இடத்தில் முயற்சி உறங்கிவிட்டது. நெட்ஸ்கேப் 1998இல் பொதுவில் வைத்த மூல நிரலின் வழிவந்த திட்டத்தில் பிறந்த ஃபயர்பாக்ஸ் 2004இல் வெளிவந்த பிறகே மீண்டும் போட்டி சூடுபிடித்தது.

மறுபக்கம்

அப்படியானால் உலாவியே இல்லாமல் விற்கலாமா? அதுவும் பொருந்தாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியில் கால் வைத்தவன் நான். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவைப் பார்த்ததும், உதவித்தொகை விவரங்களைப் படித்ததும் அப்பாவின் கைப்பேசியில் முன்பே இருந்த உலாவியில்தான். அது இல்லையெனில், எதைத் தேடி நிறுவுவது என்று சொல்லித்தர எங்கள் தெருவில் ஆளில்லை. உடன் வரும் உலாவி எங்களைப் போன்றோர்க்குப் பேருதவி. அதேவேளை, முதலில் கிடைத்ததையே கடைசிவரை வைத்துக்கொள்வோரும் எங்களைப் போன்றோரே. ஆகவே தேர்வுரிமை எங்களுக்கே மிகுதியும் தேவைப்படுகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நடுவழி கண்டது. 2010 மார்ச் முதல் விண்டோஸ் பயனாளர்க்குப் பல உலாவிகளைக் காட்டி, "எது வேண்டும்?" என்று கேட்கும் திரை வந்தது. ஆனால் 2011 மே முதல் 14 மாதங்கள் அத்திரை ஒன்றரைக் கோடிப் பேருக்குக் காட்டப்படவில்லை. அதற்காக 2013இல் மைக்ரோசாப்டுக்கு 56.1 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. விதி வகுத்தால் மட்டும் போதாது, கண்காணிப்பும் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று. நம் நாட்டிலும் 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் தன் செயலிகளைக் கட்டாயமாகச் சேர்த்ததற்காகவும் பிற காரணங்களுக்காகவும் கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அத்தொகையை உறுதி செய்தது.

முடிவுரை

என் கருத்து இதுவே: உலாவி உடன் வரட்டும், ஆனால் முதல் நாளிலேயே வேறு உலாவிகளையும் காட்டிக் கேட்கட்டும், வேண்டாமென்றால் நீக்க விடட்டும், பிறர் உலாவியும் தடையின்றி இயங்க இடம் தரட்டும். தருவது உதவி, தள்ள விடாமல் தருவது கட்டாயம். கணிப்பொறியைக் கற்கும் நாம், அதில் முன்பே இருப்பவற்றை ஏன், எதற்கு என்று கேட்கவும் கற்போமாக!